லாகர் பீர்: 10 டிகிரியில் நொதிக்கும் பானமும் நம் 31 டிகிரி சமையலறையும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடு ஒன்றில் மாலை 6 மணி. சமையலறை வெப்பமானி 31 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூலையில் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. அதன் மூடியில் தண்ணீர் நிரப்பிய சிறு குழாய். அதன் வழியே குமிழ்கள் விடாமல் வந்துகொண்டிருக்கின்றன. உள்ளே லாகர் பீர் உருவாகிறது என்று வாளியை வைத்தவர் நம்புகிறார். இரண்டு வாரம் கழித்து ஊற்றிப் பார்த்தால் வாழைப்பழ எசன்ஸ் வாசனை, தொண்டையில் காரம், மறுநாள் தலைவலி. மால்ட் சரியில்லை, அடுத்த முறை விலை கூடினதை வாங்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்.

தவறு மால்ட்டில் இல்லை, வெப்பமானியில் இருக்கிறது.

லாகர் வகை பீர் நொதிக்க வேண்டிய வெப்பநிலை 8 முதல் 13 டிகிரி. நொதித்து முடிந்தபின் அது முதிர வேண்டியது 0 முதல் 4 டிகிரியில். கோலாலம்பூரிலோ பகலில் 32, 33 டிகிரி. விடியற்காலையில்கூட 23-க்குக் கீழே இறங்குவது அரிது. இடையில் உள்ள இந்த 20 டிகிரியை எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே பேச்சு. கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் செல்சியஸ் கணக்கு.

அதற்கு முன் சட்டம். மலேசியாவில் மதுபானம் தயாரிக்க 1976-ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். விற்பதற்கு இல்லை, வீட்டுக்குத்தானே என்று நினைத்து இறங்குபவர்கள் முதலில் அரச மலேசிய சுங்கத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 2004 முதல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்பனைக்கு இல்லாமல், நொதித்த பானம் தயாரிக்க விலக்கு உண்டு. காய்ச்சி வடிப்பது அங்கேயும் கூடாது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது. அங்கே இருக்கும் மச்சான் செய்கிறார் என்பதற்காக நாமும் செய்யலாம் என்று இல்லை.

இட்லி மாவு சொல்லும் கணக்கு

நொதித்தலும் வெப்பமும் நமக்குப் புதிய விஷயம் இல்லை. இரவு அரைத்து வைத்த இட்லி மாவு கிள்ளானில் 7 மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும். கேமரன் மலையில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால், அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் மாவு எழும்பும் என்பார்கள். மாவில் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா, பீரில் ஈஸ்ட். ஆனால் சூட்டுக்கு இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: சூடு ஏறினால் வேகம் ஏறும்.

வேகம் ஏறுவதில் என்ன குறை? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் மட்டும் தருவதில்லை. கூடவே நூற்றுக்கணக்கான துணைப் பொருள்களையும் விடுகிறது. சூட்டில் அவசரமாகப் பெருகும்போது இவை கூடுகின்றன. எஸ்டர்கள் என்பவை பழ வாசனை தருபவை. வாழைப்பழ வாடை வந்தது இதனால்தான். ஃபியூசல் ஆல்கஹால்கள் என்பவை தொண்டையில் காரமாக இறங்குபவை. சில வகை பீருக்குப் பழ வாசனை அழகுதான். ஏல் வகை பீர்களை 18 முதல் 22 டிகிரி வரை வைத்து அந்த வாசனையை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். லாகரின் இலக்கணம் இதற்கு நேர் எதிர். மால்ட்டும் ஹாப்ஸ் பூவும் தவிர வேறெதுவும் மூக்குக்குத் தெரியக்கூடாது. மறைப்பதற்கு எதுவும் இல்லாததால் சின்னப் பிழையும் நாக்கில் நிற்கும்.

லாகர் ஈஸ்ட்டே தனிச் சாதி. சாக்கரோமைசஸ் பாஸ்டோரியானஸ் என்பது அதன் பெயர். ரொட்டிக்கும் ஏல் பீருக்கும் பயன்படும் சாதாரண ஈஸ்ட்டும், குளிரைத் தாங்கும் காட்டு ஈஸ்ட் ஒன்றும் கலந்து பிறந்த கலப்பினம் அது. அந்தக் காட்டுப் பெற்றோர் எது என்பது நெடுநாள் தெரியாமலே இருந்தது. 2011-இல்தான் தென் அமெரிக்காவின் பத்தகோனியா காடுகளில், பீச் இன மரங்களில் வளரும் முண்டுகளில் அதைக் கண்டுபிடித்து யூபயானஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு திபெத்திலும் அயர்லாந்திலும் அது கிடைத்தது. ஆக, லாகர் ஈஸ்ட்டுக்குக் குளிர் பரம்பரைச் சொத்து. 10 டிகிரியில் மற்ற ஈஸ்ட்டுகள் தூங்கிவிடும். இது மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும்.

நிலத்தில் புதைத்தால் குளிருமா?

ஜெர்மன் மொழியில் 'லாகெர்ன்' என்றால் சேமித்து வைப்பது. ஜெர்மனியின் பவேரியா பகுதியில் கோடையில் செய்யும் பீர் கெட்டுப்போகிறது என்பதால், 1553-இல் அங்கே ஒரு விதி வந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம். கோடைக்கு வேண்டியதைக் குளிர்காலத்திலேயே செய்து, மலைக் குகைகளிலும் நிலவறைகளிலும் ஏரியில் வெட்டிய பனிக்கட்டியோடு அடுக்கி வைத்தார்கள். அந்தக் குளிரில் தாக்குப்பிடித்து வேலை செய்த ஈஸ்ட்டே தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் தங்கியது.

மண்ணில் புதைத்து முதிரவைப்பது தமிழருக்கும் தெரிந்ததுதான். பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூறு 120-ஆம் பாட்டில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த கள்ளின் தெளிவு வருகிறது. அதற்கு அவர் பயன்படுத்தும் சொல் தேறல். தெளிந்தது என்று பொருள். லாகரை மாதக்கணக்கில் குளிரில் வைப்பதன் நோக்கமும் பாதிக்கு மேல் அதுதான்: கலங்கல் அடியில் தங்கி மேலே தெளிவது. தமிழ்ப் படித்தவளுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பானையை இங்கே புதைத்தால் லாகர் கிடைக்காது. காரணம் எளிது. தரைக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் இருக்கும் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். மியூனிக்கின் ஆண்டுச் சராசரி சுமார் 9 டிகிரி. நிலவறை தோண்டினால் லாகருக்கு ஏற்ற குளிர் தானாகவே கிடைத்துவிடும். கோலாலம்பூரின் சராசரி 27-ஐ ஒட்டியது. இங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஏற்ற இறக்கம் இல்லாத 27 டிகிரிதான். கேமரன் மலையின் தானா ராத்தாவில்கூடச் சராசரி 18-ஐ ஒட்டித்தான். தேயிலைக்கு அது போதும், லாகருக்குப் போதாது.

வெள்ளைக்காரர்கள் இதை அறிந்துதான் மலை ஏறினார்கள். 1855-இல் எட்வர்ட் டையர் இந்தியாவில் பீர் ஆலை தொடங்கியது இமயமலை அடுக்கில் உள்ள கசௌலியில். இலங்கையில் 1881-இல் ஆலை எழுந்தது மலையகத் தமிழர் தேயிலை பறிக்கும் நுவரெலியாவில். நீலகிரியிலும் பீர் ஆலைகள் இருந்தன. 1915-இல் தாமஸ் லீஷ்மன் அவற்றையும் பெங்களூர் ஆலைகளையும் சேர்த்துத்தான் யுனைடெட் பிரூவரிஸ் நிறுவனத்தை உருவாக்கினார். மலையின் குளிரை வைத்து முதலில் செய்ததெல்லாம் பெரும்பாலும் ஏல் வகைதான். லாகருக்கு இன்னும் கீழே போக வேண்டும்.

கீழே கொண்டுபோனது இயந்திரம். 1870-களில் கார்ல் வான் லிண்டே என்ற ஜெர்மானியப் பொறியாளர் மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலைக்காகக் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். இன்று நம் வீட்டு ஐஸ் பெட்டிக்கும் பேரங்காடி ஏர்கோனுக்கும் முன்னோடிகளில் ஒன்று பீருக்காகப் பிறந்தது. 1883-இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அந்த ஈஸ்ட்டை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். குளிரும் சுத்தமான ஈஸ்ட்டும் கைக்கு வந்த பிறகு, லாகர் செய்வதற்கு ஊரின் தட்பவெப்பம் ஒரு தடையாக இல்லை.

அதனால்தான் பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் சிங்கப்பூரில் 1931-இல் மலாயன் பிரூவரிஸ் அமைந்து, அடுத்த ஆண்டே டைகர் பீர் வெளிவர முடிந்தது. கிள்ளானிலிருந்து பெடரல் நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கு வருபவர்கள் வழியில் இரண்டு பீர் ஆலை வட்டாரங்களைக் கடக்கிறார்கள். ஷா ஆலமில் 1972 முதல் இயங்கும் கார்ல்ஸ்பெர்க் ஒன்று. பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் 1960-களில் கின்னஸுக்காக எழுந்து, இப்போது ஹைனெகன் மலேசியா என்று பெயர் கொண்ட ஆலை இன்னொன்று. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே தொட்டிகளில் செயற்கையாக உண்டாக்கிய ஐரோப்பிய நிலவறைக் குளிர்.

கள் ஏன் காத்திருப்பதில்லை

லாகரின் எதிர்முனையில் இருப்பது நம் கள். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை. கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். 30 டிகிரி அவற்றுக்கு விருந்து. காலையில் இறக்கியது மதியத்தில் ஏறும். ஒரு நாளில் 4, 5 விழுக்காடு ஆல்கஹால் வந்துவிடும். அதைத் தாண்டினால் காடிப் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். இரண்டாம் மூன்றாம் நாள் அது கள் இல்லை, காடி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு அடங்கிப் பதநீராக நிற்கும். வெப்பத்தை மாற்ற வழி இல்லாத ஊரில் நம் முன்னோர் சாற்றின் புளிப்பை மாற்றினார்கள்.

லாகருக்கு ஒன்றரை மாதம். கள்ளுக்கு ஒரு நாள். இந்த வித்தியாசம் தோட்டத்து வரலாற்றிலும் படிந்திருக்கிறது என்பது என் எண்ணம். சேமிக்க முடியாத பானம் மரத்துக்கும் குடிப்பவருக்கும் பக்கத்திலேயே விற்றாக வேண்டும். எனவே கள்ளுக்கடை பட்டணத்தில் நிற்காமல் லயத்துக்கு அருகே, தோட்ட எல்லைக்குள்ளேயே வந்தது. பால் வெட்டி முடித்து வரும் வழியில் கடை, சம்பள நாளன்று கடை. 1941-இல் ஆர்.எச்.நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில், சம்பள உயர்வோடு தோட்டக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அதே பட்டியலில். என் தாத்தா கள்ளுக்கடை இருந்த தோட்டத்தில் வளர்ந்தவர். கள்ளைப் பற்றி அவர் சொன்னதில் சுவையைவிடப் பாட்டியின் சம்பளக் கவர்தான் அதிகம் வரும்.

ஐஸ் பெட்டியில் லாகர்

இனி செய்முறை. சிங்கப்பூரிலோ உரிமம் உள்ள இடத்திலோ செய்பவர்களுக்கு ஒரு யோசனை: விலை கூடின மால்ட்டுக்குப் போடும் பணத்தை முதலில் பழைய ஐஸ் பெட்டிக்குப் போடுங்கள். வாளி உள்ளே நிற்கும் அளவு இருந்தால் போதும். அதோடு வெளியே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வேண்டும். ஐஸ் பெட்டியின் சொந்தத் திருகு 10 டிகிரியில் நிற்காது. அது உணவுக்காக 4 டிகிரியை ஒட்டி அமைந்தது. வெளிக் கருவி மின்சாரத்தைத் தேவைக்கேற்ப வெட்டி விடும். கம்ப்ரசர் நின்றதும் உடனே மறுபடி ஓடாமல் சில நிமிட இடைவெளி விடும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும்.

அந்தக் கருவியின் உணர்முனையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐஸ் பெட்டியின் காற்றில் தொங்கவிட்டால் அது காற்றின் வெப்பத்தைச் சொல்லும், பீரின் வெப்பத்தை அல்ல. நொதித்தல் தானே சூடு உண்டாக்கும் வேலை. 20 லிட்டரில் உண்டாகும் மொத்தச் சூடு வெளியே போகாமல் உள்ளேயே தங்கினால் 10 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். வேகமான நாள்களில் காற்றைவிட வாளியின் உள்ளே 3, 4 டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். உணர்முனையை வாளியின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குக் கீழே டேப்பால் ஒட்டி, அதன் மேல் ஒரு ஸ்பஞ்சை வைத்து மூட வேண்டும்.

பொடித்த மால்ட்டை 65 முதல் 67 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுப்பொருள் சர்க்கரையாகும். வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இதுவரை எந்த ஊரிலும் ஒன்றுதான். அடுத்த படியில்தான் நம் ஊர் குறுக்கே வருகிறது. கொதித்த சாற்றைக் குழாய்த் தண்ணீர் ஓடும் சுருளால் குளிரவைப்பது வழக்கம். ஐரோப்பாவின் குழாய் நீர் 10 டிகிரியை ஒட்டி வரும். நம் குழாயில் வருவது 28 டிகிரி. சிலாங்கூரில் தண்ணீர் வருவதே பெரிது என்பீர்கள். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சாறு 32-க்குக் கீழே இறங்காது. அதனால் அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் சுத்தமான வாளியில் மூடி, ஐஸ் பெட்டியில் இரவு முழுவதும் வைத்து 10 டிகிரிக்கு இறக்கியபின் ஈஸ்ட் சேர்ப்பதே நல்லது. சூடான சாற்றில் ஈஸ்ட்டைப் போட்டுவிட்டுப் பிறகு குளிரவைத்தால், எஸ்டர்களில் பெரும்பகுதி அந்த முதல் இரவிலேயே வந்துவிடும்.

ஈஸ்ட்டின் அளவும் குளிரைச் சார்ந்தது. குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும் என்பதால் ஏலுக்குப் போடுவதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். 20 லிட்டருக்கு 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று ஏலுக்குப் போதும் என்றால், லாகருக்கு இரண்டு. சேர்ப்பதற்கு முன் வாளியை நன்றாகக் குலுக்கிக் காற்று கலக்கச் செய்ய வேண்டும். காற்று வேண்டிய ஒரே கட்டம் இதுதான். பிறகு காற்று எதிரி.

10 முதல் 12 டிகிரியில் முதல் ஒன்றிரண்டு நாள் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பயந்து சூட்டை ஏற்றாதீர்கள். மூன்றாம் நாள் குமிழ் வரும், கூடவே அழுகிய முட்டை வாடையும் வரலாம். அது கந்தகம். லாகர் ஈஸ்ட்டுக்கு அது இயல்பு, முதிரும்போது போய்விடும்.

ஹைட்ரோமீட்டர் என்னும் அடர்த்தி அளவி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. தொடக்கத்தில் 1.050 காட்டிய சாறு 1.010-க்கு இறங்கினால் ஆல்கஹால் சுமார் 5.25 விழுக்காடு. இரண்டு எண்களின் வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் இந்தக் கணக்கு வரும். அடர்த்தி 1.020-ஐ நெருங்கும்போது, அதாவது முக்கால் பங்கு வேலை முடிந்ததும், வெப்பத்தை 16 முதல் 18 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும்.

குளிர்தான் லாகர் என்று சொல்லிவிட்டு இப்போது ஏன் சூடு? நொதிக்கும்போது ஈஸ்ட் விடும் ஒரு பொருள் மெல்ல டையசெட்டிலாக மாறும். வெண்ணெய் வாசனை அதனுடையது. மார்ஜரின் தடவின ரொட்டி நினைவுக்கு வந்தால் அதுதான். ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் குளிரில் இந்த வேலை மிகவும் மெதுவாக நடக்கும். கடைசியில் கொஞ்சம் சூடு கொடுத்தால் ஈஸ்ட் தன் அழுக்கைத் தானே சுத்தம் செய்துவிட்டுப் படுக்கும். அதற்குள் பெருக்கம் முடிந்துவிட்டதால் பழ வாசனை பற்றிக் கவலை இல்லை. வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சிறிது பீரை மூடின குவளையில் எடுத்து 60 டிகிரி நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவைத்து முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் வாடை வந்தால் இன்னும் இரண்டு நாள் அதே சூட்டில் இருக்கட்டும்.

அதன்பின் முதிர்ச்சி. நாளுக்கு 2 டிகிரி வீதம் குறைத்து 1 அல்லது 2 டிகிரிக்குக் கொண்டுவந்து, 4 முதல் 6 வாரம் தொடாமல் விட வேண்டும். ஈஸ்ட் அடியில் படியும். கலங்கலுக்குக் காரணமான புரதமும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடு ஒன்று ஒட்டி இறங்கும். கந்தக வாடை அடங்கும். மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், எனவே உறைபெட்டியைப் பயன்படுத்துபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மின்சாரம் ஓரிரு மணி நேரம் போனால் பதற வேண்டாம். 20 லிட்டர் குளிர்ந்த நீர்மம் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

புட்டியில் அடைக்கும்போதுதான் நம் வெயில் உண்மையிலேயே ஆபத்தாகிறது. குளிரில் நொதித்த பீர் சில சமயம் பாதி வழியில் நின்றுவிடும். குமிழ் இல்லை, முடிந்தது என்று எண்ணிப் புட்டியில் அடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தால், 31 டிகிரி சூட்டில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மீதிச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். வாயுவுக்குப் போக வழி இல்லை. சரியான அளவு வாயு உள்ள புட்டியே 30 டிகிரியில் கார் டயரின் அழுத்தத்துக்குக் குறையாமல் இருக்கும். அதற்கு மேல் போனால் கண்ணாடி சிதறும். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இது விளையாட்டு இல்லை. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, அடர்த்தி மாறாமல் இருந்தால்தான் அடைக்கலாம். வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம் வரை போதும், கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போட வேண்டும். சோடா, பீர் போன்ற வாயு பானங்களுக்கென்று செய்த புட்டிகளைத் தவிர வேறெதுவும் கூடாது.

இவ்வளவு குளிருக்கு வசதி இல்லாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. 34/70 என்ற எண்ணால் அறியப்படும் ஜெர்மானிய லாகர் ஈஸ்ட் 18 டிகிரியிலும் ஓரளவு சுத்தமான சுவை தரும். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறையாக உலர்த்தி வைத்துப் பயன்படுத்திய க்வைக் என்ற ஈஸ்ட்டோ 30 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும். பனி பெய்யும் நாட்டு ஈஸ்ட் பிரிக்பீல்ட்ஸ் சமையலறைக்குப் பொருந்துவது வேடிக்கைதான். ஆனால் அதில் கிடைப்பது ஏல் வகை. அதற்கு லாகர் என்று பேர் வைக்கக்கூடாது.

கெட்ட சுவையும் நஞ்சும் வேறு

2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்பட மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள் அவர்களில் பலர். நம் நாட்டவரும் இருந்தனர். அதன்பின் 'வீட்டில் செய்ததா? கண் போய்விடும்' என்ற பேச்சு பரவியது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில் இங்கே குழப்பம் இருக்கிறது.

கண்ணைப் பறிப்பது மெத்தனால். பார்லி மால்ட் நொதிக்கும்போது அது மிகச் சொற்ப அளவில்தான் உண்டாகும். வெப்பநிலை தவறினால் லாகர் வாழைப்பழமாகவோ வெண்ணெயாகவோ நாறும், காடியாகப் புளிக்கும். அதனால் மெத்தனால் நஞ்சு ஏறிவிடாது. தென்னங்கள்ளும் தன்னளவில் அப்படித்தான். உயிர் பறிக்கும் அளவு மெத்தனால் வருவது, தொழிற்சாலைக்கென்று இருக்கும் மலிவான ரசாயனத்தை யாரோ புட்டியில் கலப்பதால். தோட்டங்களில் சம்சு புழங்கிய காலம் முதல் ஆபத்து இந்தக் கலப்படத்தில்தான் இருந்து வருகிறது. மெத்தனாலைச் சுவையாலோ நிறத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. லேபிள் அழகாக இருப்பதாலும் பயனில்லை. 2018-இல் பறிமுதல் ஆனவற்றிலும் விஸ்கி, பீர் என்று பெயர் அச்சிட்ட புட்டிகளே இருந்தன. வரி முத்திரை இல்லாமல் வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கும் புட்டிதான் அடையாளம்.

உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைத் தாக்குவது அதுதான். மாறுவதற்கு நேரம் பிடிப்பதால் குடித்த உடனே எதுவும் தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், பார்வையில் பனிமூட்டம் போன்ற மங்கல் வரும். 'ஹேங்ஓவர்' என்று படுக்க வைத்துவிடுவதில்தான் உயிர் போகிறது. பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் தூங்கவிடாதீர்கள். 999-ஐ அழையுங்கள் அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையும் உண்டு. நேரத்தோடு போனால் பலன் கிடைக்கும். குடித்த புட்டியில் மிச்சம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.